ஐந்தாண்டு பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடங்கள்

நம் சங்கக் கூட்டங்களில் கல்வியைப் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு கட்சி பிரிவது வழக்கம். நியாயஸ்தலத்தில் ஒரு தீர்ப்பைப் பெற்றுவிட்டால் மற்றவை தாமே நடந்தேறும் என்பர் ஒரு சாரார். கோர்ட்டுக் காகிதத்தால் எந்தக் கதவும் திறவாது, கையிற் பொருளும் ஊரிற் செல்வாக்கும் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கூற்றிலும் எவ்வளவு உண்மை உண்டென்று நிறுத்துப் பார்ப்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையிற் படிக்க வேண்டும் என்று நடந்த வியாஜ்யத்தைப்போல் உதவும் சரித்திரம் வேறில்லை. அந்த வியாஜ்யம் ஐந்து இடங்களிலிருந்து கிளம்பிச் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்றாய்ச் சேர்ந்தது. கான்ஸாஸ் மாகாணத்து டொபீக்கா நகரத்துப் பிரவுன் என்பாரின் பெயராலேயே அது வழங்குகிறது. ஆயினும் நாம் இங்கே எடுத்துக்கொள்வது வர்ஜீனியா மாகாணத்துப் பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாவின் கதையை. தீர்ப்பு வந்த பிறகே அங்கே உண்மையான சோதனை தொடங்கிற்று.

முதலில் சட்டத்தின் நிலையைச் சிறிது சொல்லவேண்டும். அந்நாட்டில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. 1868இல் அரசியல் சட்டத்திற் சேர்ந்த பதினான்காம் திருத்தம், எந்த மாகாணமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாதென்று விதித்தது. அவ்விதியின் பொருளைச் சுருக்கியது 1896ஆம் வருஷத்துத் தீர்ப்பு. லூயிஸியானாவில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய ரயில் வண்டியில் உட்கார்ந்த ஹோமர் பிளெஸ்ஸி என்பவரின் வழக்கில், இரு சாராரையும் தனித்தனியே வைப்பது குற்றமன்று, வசதி சமமாக இருந்தாற் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டார் முடிவு செய்தனர். மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் ஜான் ஹார்லன் என்னும் ஒரே நீதிபதி. ரயில் வண்டிக்குச் சொன்ன விதியே பள்ளிக்கூடத்துக்கும் பாய்ந்தது. தனியாக வைப்பதை மாகாணத்தார் ஒருநாளும் மறந்தாரில்லை. சமமாக வைப்பதைத்தான் ஐம்பது வருஷம் மறந்திருந்தனர்.

இதனை உடைக்க வழி கண்டவர் சார்ல்ஸ் ஹூஸ்டன் என்னும் கறுப்பு வக்கீல். ஹோவர்டு சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியில் அவர் பயிற்றிய மாணவரே துர்குட் மார்ஷல். இருவரும் 1909இல் நிறுவப்பட்ட கறுப்பு மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சார்பில் வழக்காடினர். முதலிற் சட்டக் கல்லூரி முதலிய மேற்படிப்பில் வழக்குத் தொடுத்துச் சிறிது சிறிதாகக் கீழே இறங்குவதென்பது அவர்கள் ஏற்பாடு. 1938இல் மிஸௌரி மாகாணத்திலும், 1950இல் டெக்ஸாஸ், ஒக்லஹோமா மாகாணங்களிலும் வெற்றி கிடைத்தது. ஒக்லஹோமா வழக்கின் விவரம் கேட்கத்தக்கது. ஜார்ஜ் மக்லோரின் என்னும் முதிர்ந்த உபாத்தியாயரைச் சர்வகலாசாலையிற் சேர்த்துக்கொண்டு, வகுப்பை ஒட்டிய ஓர் ஒதுக்கறையில் அவருக்கு நாற்காலி போட்டனர். புத்தகசாலையில் தனி மேஜை, போஜனசாலையில் தனி இடம். பாடமும் ஆசிரியரும் ஒன்றேயாயினும், ஒதுக்கி வைத்தலே கல்விக்கு ஊறு என்று கோர்ட்டார் அப்பொழுது ஒப்பினர். அதன் பிறகே, சம வசதி வேண்டும் என்று கேட்பதை விடுத்துப் பிரிவினையையே எதிர்ப்பது என்று வக்கீல்கள் தீர்மானித்தனர்.

நிற்க. பிரின்ஸ் எட்வர்டு ஜில்லா புகையிலை விளையும் நாட்டுப்புறம். அதன் தலைநகர் பார்ம்வில். அவ்வூரில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று 1939இல் மோட்டன் உயர்தரப் பாடசாலை கட்டப்பட்டது. 180 பேருக்கென எழுப்பிய கட்டடத்தில் 1951இல் 450 பேருக்கு மேல் நெருக்குண்டிருந்தனர். இடம் போதாமைக்குப் பள்ளிக்கூடச் சபையார் கண்ட பரிகாரம், மரச் சட்டமடித்துத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் பக்கத்திற் போட்டுக் கொடுத்ததே. கோழிக்கூண்டென்று ஊரார் அவற்றைச் சொன்னார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்திற் கணப்பின் அருகிலிருந்தவன் வெந்தான், மூலையிலிருந்தவன் விறைத்தான். வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியிலிருந்த தேகப்பயிற்சிக் கூடமும் போஜனசாலையும் இங்கே இல்லை. பெற்றோர் பன்முறை மனுக்கொடுத்தனர். பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு மறுமொழி வந்ததில்லை.

பெற்றோர் சலித்த இடத்திற் பிள்ளைகள் எழுந்தனர். பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயதுப் பெண், நம்பத்தக்க தோழர் சிலரை மட்டும் சேர்த்துக்கொண்டு பல மாதம் இரகசியமாக ஆலோசித்தாள். 1951ஆம் வருஷம் ஏப்ரல் 23ஆந் தேதி, மாணாக்கர் சிலர் ஊருக்குள் வம்பில் அகப்பட்டிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்கு டெலிபோனில் ஒரு பொய்ச் செய்தி போயிற்று. அவர் வெளியேறியதும், அவர் பெயரால் எல்லா வகுப்புக்கும் சீட்டு வந்தது, அனைவரும் மண்டபத்திற் கூடுக என்று. திரை விலகியபோது மேடையில் நின்றது தலைமையாசிரியரல்லர், பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகுமாறு வேண்டிக்கொண்டாள். காலணியைக் கழற்றிப் பலகையில் தட்டி அமைதி உண்டாக்கினாள். புதுப் பள்ளிக்கூடம் கட்டித் தரும்வரை வகுப்புக்கு வரமாட்டோம் என்பது தீர்மானம். பள்ளி முழுதும் வெளியேறிற்று. ஆசிரியரை ஏமாற்றியது தவறல்லவா என்று நம்முள் உபாத்தியாயராயிருப்போர் கேட்கக்கூடும். ஏமாற்றியிராவிட்டால் அவர் தடுக்கக் கடமைப்பட்டவராவர், தடுக்காவிட்டால் உடந்தையாவர். அவரைக் காக்கவே பிள்ளைகள் அவரை அப்புறப்படுத்தினர் என்று கொள்வதே பொருந்தும். அப்படியும் அவருடைய உத்தியோகம் தப்பவில்லை.

அன்றே ரிச்மண்டு நகரத்து வக்கீல்களுக்குக் கடிதம் போயிற்று. ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸன் என்னும் அவ்விருவரும் வேறொரு வழக்குக்காகப் போகும் வழியிற் பார்ம்வில்லில் இறங்கினர். பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி வகுப்புக்கு அனுப்பிவிடவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆனால் கிறிஸ்தவ ஆலயத்தின் கீழ்த்தளத்திற் கூடியிருந்த பிள்ளைகளின் உறுதியைக் கண்டு மனம் மாறினர். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தனர். புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போடமாட்டோம். ஒரே பள்ளியில் எல்லாரும் படிக்கவேண்டும் என்று கேட்பதானால் நடத்துவோம். இது எளிய நிபந்தனையன்று. கட்டடம் கேட்டால் வெள்ளையருள்ளும் பலர் இரங்கியிருப்பர். ஒரே பள்ளி கேட்டால் நிலத்தை வாரத்துக்கு விட்டவரும், கடன் கொடுத்தவரும், வேலை கொடுத்தவரும் ஒருங்கே பகையாவர். பின்பு கூடிய பொதுக்கூட்டத்தில், நாம் கேட்டுப் புறப்பட்டது கட்டடமே அன்றி இதுவன்றே என்று முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து ஐயம் தெரிவித்தார். கூட்டம் அவரோடு போகவில்லை. அவ்வூர்ப் போதகர் பிரான்ஸிஸ் கிரிபின் பிள்ளைகளின் பக்கம் நின்றார்.

மே மாதம் 7ஆந் தேதி பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். 23ஆந் தேதி வழக்குப் பதிவாயிற்று. 117 மாணாக்கர் வாதிகளாயினர். முதற் பெயராக நின்றது டாரதி டேவிஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுமியினுடையது. பிரவுன் வழக்கோடு சேர்ந்த ஐந்து வழக்குகளில் மாணாக்கரே வேலைநிறுத்தம் செய்து தொடங்கியது இது ஒன்றே. பார்பராவின் பெற்றோரோ மகளின் உயிருக்கு அஞ்சி, அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில் போதகராயிருந்த தந்தையின் உடன்பிறந்தாரான வெர்னன் ஜான்ஸ் என்பவரிடம் அனுப்பிவிட்டனர். அவர் விட்டுப்போன அதே ஆலயப் பீடத்துக்குத்தான் 1954இல் மார்ட்டின் லூதர் கிங் வந்தார் என்பது ஒரு வியப்பு.

1952இல் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்து, பிரிவினை என்பது அந்நாட்டு மக்களின் பழைய வழக்கம், அதனால் எச்சாரார்க்கும் தீங்கில்லை என்று தீர்த்தனர். கட்டடத்தை மட்டும் சமமாக்கும்படி உத்தரவாயிற்று. ஆகவே 1953இல் அழகிய புது மோட்டன் பள்ளி எழுந்தது! முதலிற் கேட்டது கிடைத்துவிட்டது. வழக்கை அத்தோடு விட்டிருந்தால் எவரும் குறைசொல்லியிரார். விடவில்லை.

சுப்ரீம் கோர்ட்டில் 1952 டிஸம்பரிலும் 1953 டிஸம்பரிலும் வாதம் நடந்தது. இடையிற் பிரதம நீதிபதி வின்ஸன் காலமானார். அவரிடத்துக்கு எர்ல் வாரன் வந்தார். மாறுபட்ட தீர்ப்பு ஒன்றும் இல்லாமல் ஒன்பது பேரையும் ஒருமுகப்படுத்தியது அவர் செய்த பெருங்காரியம். 1954 மே 17ஆந் தேதி அவர் வாசித்த தீர்ப்பு, பொதுக் கல்வியிற் பிரித்து வைத்தலுக்கு இடமில்லை, பிரித்துவைத்த பள்ளி தன் இயல்பிலேயே சமமற்றது என்பது. சிறு பிள்ளையின் நெஞ்சிலே தான் தாழ்ந்தவன் என்ற எண்ணம் பதிந்தால் அது பிறகு அழியாதென்றும் அத்தீர்ப்பிற் கூறப்பட்டது. கட்டடம் எவ்வளவு நன்றாயிருந்தால் என்ன என்று கேட்ட பார்ம்வில் பிள்ளைகளின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

அன்று மகிழ்ந்தவர்கள் அடுத்த வருஷம் திகைத்தனர். எப்பொழுது, எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைத் தனியே கேட்டு, 1955 மே 31ஆந் தேதி கோர்ட்டார் இரண்டாந் தீர்ப்பளித்தனர். தேதி குறிக்கவில்லை. உரிய ஆலோசனையோடு கூடிய விரைவில் என்ற பொருள்படும் ஒரு சொற்றொடரை மட்டும் எழுதி, மேற்பார்வையை அந்தந்த வட்டார நீதிபதிகளிடம் ஒப்படைத்தனர். ஆலோசனை என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டோர் விரைவு என்பதை விட்டுவிட்டனர். வட்டார நீதிபதிகளோ அதே ஊரில் வாழ்பவர், அதே ஆலயத்துக்குப் போகிறவர், அதே விருந்தில் உட்காருகிறவர். பிரின்ஸ் எட்வர்டு வழக்கை விசாரித்த நீதிபதி 1958இல் குறித்த தவணை எதுவென்றால் 1965! வழக்குப் போட்டபோது ஒன்பதாம் வகுப்பிலிருந்த சிறுமிக்கு அப்போது இருபத்தெட்டு வயதாகும். எவரையும் புண்படுத்தாமல் எழுதப்பட்ட அந்தச் சொற்றொடரே, எதிர்ப்பைத் திரட்ட மாகாணத்தார்க்குக் காலம் கொடுத்தது என்பது நம் அபிப்பிராயம்.

வர்ஜீனியாவில் அவ்வெதிர்ப்புக்குத் தலைவர் செனட்டர் ஹாரி பேர்டு. இரு சாராரும் கலந்து படிக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்ட பள்ளியை மூடிவிடுவது என்று 1956இல் சட்டம் இயற்றினர். 1958இல் நார்போக், சார்லட்ஸ்வில் முதலிய இடங்களிற் பள்ளிகள் மூடப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளும் வீட்டிலிருக்க நேர்ந்தது. 1959 ஜனவரி 19ஆந் தேதி மாகாணத்து உயர் கோர்ட்டும் மத்திய சர்க்கார்க் கோர்ட்டும் ஒரே நாளில் அச்சட்டத்தைத் தள்ளின. மற்ற ஊர்கள் இணங்கின. பிரின்ஸ் எட்வர்டு மட்டும் இணங்கவில்லை. அவ்வருஷம் மே மாதம் அப்பீல் கோர்ட்டார் 1965 என்ற தவணையைத் தள்ளி, வருகிற செப்டம்பரிலேயே சேர்க்கவேண்டும் என்று ஆணையிட்டனர். ஜூன் மாதம் ஜில்லாச் சபையார் கூடி, பள்ளிகளுக்கு வரி விதிப்பதில்லை, பணம் ஒதுக்குவதில்லை என்று தீர்மானித்தனர். கோர்ட்டு கதவைத் திறக்கச் சொல்லிற்று. அவர்கள் பள்ளிக்கூடத்தையே இல்லையாக்கினர்.

வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளி ஒன்று நன்கொடையால் உடனே அமைந்தது. ஆலயங்களிலும் சத்திரங்களிலும் வகுப்பு நடத்தினர். பிறகு மாகாணத்தின் உதவிப் பணமும் வரித் தள்ளுபடியும் அதற்குக் கிடைத்தன. 1961இல் நீதிபதி ஒருவர் அவ்வுதவியைத் தடுத்ததும் ஏழை வெள்ளையரில் சிலரும் பிள்ளைகளைப் படிக்கவைக்க இயலாமற்போயினர். கறுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,700 பேருக்கு ஒன்றுமில்லை.

இங்கேதான் நம் சங்கத்தார் சற்று நின்று யோசிக்கத்தக்க இடம் வருகிறது. கறுப்புப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி ஒன்று நடத்தித் தருகிறோம் என்று வெள்ளைப் பிரமுகர்கள் முன்வந்தனர். பெற்றோர் ஏற்கவில்லை. ஏற்றால் பிரிவினையைத் தாமே ஒப்பியதாகும், வழக்கு அன்றே முடியும். ஆலயங்களிற் சிறு பயிற்சி மையங்கள் நடத்தினர். ஆனால் அவற்றையும் பள்ளி என்று சொல்லவில்லை, பள்ளிக்கு ஈடாகக் காட்டவும் இல்லை. உயர் வகுப்பிலிருந்தோர் அறுபது பேரளவில் வடகரோலினாவிலுள்ள கிட்ரெல் கல்லூரியில் இடம் பெற்றனர். குவேக்கர் சமயத்தார் சில பிள்ளைகளை வெளி மாகாணக் குடும்பங்களில் வைத்துப் படிப்பித்தனர். அயல் ஜில்லாவில் உறவினர் இருந்தோர் அங்கே பிள்ளைகளை அனுப்பினர். எஞ்சினோர் புகையிலைக் காட்டில் வேலைக்குப் போயினர். ஏழு வயதிற் பள்ளி பார்க்காதவன் பன்னிரண்டு வயதிலும் தன் பெயரை எழுத அறியாதிருந்தான்.

அப்பெற்றோர் செய்தது சரியா? நாம் இதைப் பலகாலும் எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஐந்து வருஷம் என்பது வளர்ந்தவனுக்கு ஒரு தவணை, பிள்ளைக்கோ அது முழுப் படிப்பு. தன் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்து ஊரின் உரிமையைக் காக்க ஒரு தாய்க்கு அதிகாரம் உண்டா என்றால், உண்டென்று உரத்துச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தால், தென்னாட்டின் ஒவ்வொரு ஜில்லாவும் அந்த வழியையே பின்பற்றிப் பொதுப் பள்ளிகளை மூடித் தனியார் பள்ளிகளைத் திறந்திருக்கும், 1954இன் தீர்ப்பு செல்லாக் காசாகியிருக்கும் என்பதும் மறுக்க இயலாதது. கிரிபின் போதகரின் பிள்ளைகளும் பள்ளியற்ற பிள்ளைகளே. ஆகையால் பிறர் பிள்ளையை வைத்து அவர் சூதாடினார் என்ற பழி அவரை அணுகாது.

1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி லூயிவில் நகரிற் பேசுகையில், இலவசப் பொதுக் கல்வி இல்லாத இடங்களென்று சீனம், வட வியத்நாம், ஸரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹாண்டுராஸ் ஆகியவற்றை அடுக்கி, அவற்றின் இறுதியிற் பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாவையும் சேர்த்தார். அவ்வருஷம் செப்டம்பரில் நன்கொடையால் இலவசப் பள்ளிகள் திறந்தன. ஏறக்குறைய 1,500 பேர் வந்தனர். வெள்ளைப் பிள்ளைகள் சிலரும் வந்து உட்கார்ந்தனர்.

1964 மே 25ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இறுதித் தீர்ப்பளித்தனர். வழக்கின் பெயரில் டேவிஸ் போய்க் கிரிபின் வந்திருந்தது. முதலில் வழக்காடிய பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டனரே! தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். அலபாமாக்காரர், இளமையிற் கறுப்பு மக்களுக்குப் பகையான கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தில் உறுப்பினராயிருந்தவர். மாகாணத்தின் மற்ற ஜில்லாக்களிற் பள்ளி நடக்கையில், பிரிவினையைக் காப்பதற்கென்றே ஒரு ஜில்லாவில் மூடுவது சம பாதுகாப்பை மறுப்பதாகும், வேண்டுமானால் வரி விதித்துப் பள்ளியைத் திறக்கும்படி ஜில்லாச் சபைக்குக் கோர்ட்டு கட்டளையிடலாம் என்று அவர் எழுதினார். திறக்கக் கட்டளையிடும் அதிகாரம்பற்றி இரண்டு நீதிபதிகள் மட்டும் ஒப்பவில்லை. ஆலோசனையோடு கூடிய விரைவுக்குரிய காலம் தீர்ந்துபோயிற்று என்றும் அத்தீர்ப்பிலே கண்டது. தாம் எழுதிய சொல்லைத் தாமே திரும்பப் பெற அவர்களுக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

அவ்வருஷம் செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. வெள்ளைப் பெற்றோரிற் பெரும்பாலோர் தனியார் பள்ளியை விட்டு வரவில்லை. பொதுப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளை விரலிட்டு எண்ணலாம். பார்ம்வில் மட்டும் இப்படி இருந்ததென்று எண்ணவேண்டாம். 1954இன் தீர்ப்புக்குப் பத்து வருஷம் கழித்தும் தென்மாகாணங்கள் பதினொன்றிலும் வெள்ளைப் பிள்ளையோடு ஒரே பள்ளியிற் படித்த கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1964ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம், பிரித்துவைக்கும் பள்ளிக்கு மத்திய சர்க்கார்ப் பணத்தை நிறுத்தவும், அட்டர்னி ஜெனரலே வழக்குத் தொடுக்கவும் வகை செய்தது. 1968இல் அதே வர்ஜீனியாவின் நியூ கெண்ட் ஜில்லா வழக்கில், பிரிவினையை வேரோடு களையும் ஏற்பாட்டைப் பள்ளிச் சபையே உடனே காட்டவேண்டும் என்று கோர்ட்டார் கண்டித்தனர். அதன் பிறகே எண்ணிக்கை ஏறிற்று. பணமும் சட்டமும் தீர்ப்பும் ஒருங்கு சேர்ந்தபோது சில வருஷத்தில் நடந்தது, தீர்ப்பு மட்டும் தனித்து நின்ற பத்து வருஷத்தில் நடக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால் பின்வந்த சட்டத்துக்கு ஊன்றிக்கொள்ளக் காலில்லை. நம் கூட்டத்தின் இரு கட்சியாரும் இதைத் தத்தம் பக்கத்துக்கு எடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

பார்பரா ஜான்ஸ் படித்து முடித்து, மணம்புரிந்து, பிலடெல்பியா நகரத்துப் பள்ளிகளிற் புத்தகசாலை உத்தியோகம் பார்த்து 1991இல் காலமானார். வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் மாளிகையில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலை 2020 டிஸம்பரில் எடுக்கப்பட்டது. அவ்விடத்துக்கு மாகாணத்தார் தெரிந்தெடுத்தது இந்தப் பெண்ணின் உருவத்தை. காலணியால் பலகையைத் தட்டிய பழைய மோட்டன் பள்ளி இப்பொழுது பொருட்காட்சிசாலையாயிருக்கிறது.

பள்ளியற்றுப்போன பிள்ளைகளுக்கு 2003இல் கௌரவச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. 2004இல் வர்ஜீனியாச் சட்டசபையார், அவ்வருஷங்களிற் கல்வி மறுக்கப்பட்டோர்க்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினர். உயர்தரப் பள்ளிச் சான்று முதல் கல்லூரிப் பட்டம்வரை எதற்கும் அதனைப் பெறலாம். விண்ணப்பம் எழுதியோர் ஐம்பதையும் அறுபதையும் எட்டியவர்கள்.